என் பேருக்கு நேரே சைபர்

கமிஷன் கணக்கில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும் என்று நான் சொன்னால், எங்கள் கடையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கியது நூற்றுக்கு முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டு சதவீதத்தை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை மற்ற எல்லாச் சதவீதத்தையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வளர்ந்தது மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். முனிசிபாலிட்டி பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். வேலை கிடைத்தது ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையில் வேலை செய்கிறவர்கள், பூக்காரர்கள், பக்கத்து டீக்கடைக்கார பையா வரைக்கும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் தலைக்கு மேலே தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு தொங்கும்: ஒரே விலை, பேரம் இல்லை. அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சி நாள் முழுக்கப் பேரம் பேசுவார்.

பட்டு கவுண்டரில் நாங்கள் மூன்று பெண்கள். எங்கள் கடையில் ஒரே பேரில் மூன்று நான்கு பேர் இருந்ததால், இருக்கிற இடத்தைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். ஆண்டாப் ஹில்லில் இருந்து பஸ்ஸில் வருகிறவர் எங்களில் மூத்தவர். அவரை ஆண்டாப் ஹில் அக்கா என்போம். செம்பூரில் இருந்து ரயிலில் வருகிறவள் சின்னவள், அவள் செம்பூர். நான் லேபர் கேம்ப். இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். கவுண்டர் பெண்கள் கடை திறந்ததில் இருந்து மூடும்வரை நிற்க வேண்டும். கஸ்டமர் வெள்ளை மெத்தையில் உட்காருவார். நாங்கள் நின்றுகொண்டே சேலையை விரித்துப் போடுவோம். உட்கார நாற்காலி உள்ளவர் கடையில் இரண்டே பேர். ஒருவர் அண்ணாச்சி, இன்னொருவர் கணக்குப்பிள்ளை. எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாக எழும்பியிருந்தது. பண்டிகைக் காலத்தில் வீட்டுக்குப் போனதும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பேன். அப்போதெல்லாம் எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். எனக்கென்று கடையில் ஒரு நாற்காலி வேண்டும்.

நான் கணக்குக்காரி என்று பேர் எடுத்தது ஐந்து ரூபாயால். எங்களுக்கு விற்ற விலையில் நூற்றுக்கு ஒன்று கமிஷன். தள்ளுபடி போக, வரி சேர்ப்பதற்கு முன்னால் உள்ள விலையில் போட வேண்டும். வரி நூற்றுக்கு ஐந்து. கணக்குப்பிள்ளை என்ன செய்தார் என்றால், வரியோடு வந்த பில் தொகையில் இருந்து நூற்றுக்கு ஐந்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் கமிஷன் போட்டார். பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்கு வரி சேர்ந்தால் பத்தாயிரத்து ஐந்நூறு. அதில் நூற்றுக்கு ஐந்தைக் கழித்தால் பத்தாயிரம் வராது; ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்துதான் வரும். ஏற்றும்போது சின்னத் தொகையில் ஐந்து, இறக்கும்போது பெரிய தொகையில் ஐந்து. இதை அவருக்குச் சொன்னால், "சல்தா ஹை, எம்மா, இதெல்லாம் நடக்கிறதுதான்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அந்த மாதம் நான் இரண்டு லட்சத்துக்கு விற்றிருந்தேன். கமிஷனில் குறைந்தது ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய்க்கு மாட்டுங்காவில் அரை கிளாஸ் கட்டிங் டீ கூடக் கிடைக்காது. ஆனாலும் அண்ணாச்சி வரைக்கும் போய், கால்குலேட்டரில் தட்டிக் காட்டி, அந்த ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அக்காவுக்கும் செம்பூருக்கும் சேர்ந்தே வந்தது. அன்றில் இருந்து கடையில் யாருக்கு என்ன கணக்கு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

பிறகு அண்ணாச்சி புதுத் திட்டம் கொண்டுவந்தார். மாதத்துக்கு மூன்று லட்சத்துக்குக் கீழே விற்றால் பழையபடி நூற்றுக்கு ஒன்று. மூன்று லட்சத்தைத் தொட்டுவிட்டால், விற்றது முழுவதற்கும் நூற்றுக்கு இரண்டு. கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாதாரண மாதத்தில் என்னால் இரண்டு லட்சம் விற்க முடியும், அக்காவால் ஒன்றரை, செம்பூரால் ஒன்று. மூன்று லட்சம் என்பது எட்டாத பரண்.

எட்டாத பரணுக்கு ஏணி போடப் போய் எங்களுக்குள் சண்டை வந்ததுதான் மிச்சம். எங்கள் கவுண்டரில் ஒரு சட்டம் உண்டு: கஸ்டமரைப் பார்த்து யார் முதலில் "வாங்க" என்கிறாரோ, அந்த வியாபாரம் அவருக்கு. அதனால் கஸ்டமர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே மூன்று பேரும் "வாங்க வாங்க" என்று கத்துவோம். வந்தவர்கள் மிரண்டு போவார்கள். நல்ல சேலை வந்தால் மற்றவர் கண்ணில் படாமல் அடுக்குக்கு அடியில் ஒளித்து வைப்போம். முலுண்டில் இருந்து கல்யாணச் சேலைக்கு வந்த ஒரு குடும்பம், மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் கேட்டது. அப்படி ஒன்று இல்லை என்று செம்பூர் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தச் சேலை என் அடுக்கின் அடியில் இருந்தது. அவர்கள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கும் போச்சு, அவளுக்கும் போச்சு, அண்ணாச்சிக்கும் போச்சு.

ஒரு மாதக் கடைசியில், ஸ்டாக் ரூமில் மூன்று பேரும் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணக்கு அந்த மாதம் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் நின்றுவிட்டது. பத்தாயிரம் குறைவு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வரும். இன்னும் ஒரே ஒரு சேலை போயிருந்தா ஆறாயிரம்" என்றேன்.

செம்பூருக்கு அந்த மாதம் மொத்தமே ஒரு லட்சம். அவள் ஊறுகாயை நக்கிக்கொண்டே கேட்டாள். "அப்ப நான் காலையில ஒரு பத்தாயிரம் பில்லு போட்டேன்ல, அதை உன் நம்பர்ல போட்டிருந்தா?"

போட்டிருந்தால் அவளுக்கு நூறு ரூபாய் குறையும். எனக்கு மூவாயிரத்து நூறு ரூபாய் கூடும். மனதில் போட்டுப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னேன்.

"அரே பாப்ரே!" என்றாள் செம்பூர். "என் நூறு ரூபாய் உன் கையில போனா மூவாயிரமா? பைத்தியமாக்கா நாம?"

ஆண்டாப் ஹில் அக்கா அதிகம் பேசமாட்டார். அவர் டப்பாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "அப்ப ஒரு பில்லு எதுக்குட்டி? எல்லா பில்லையும் ஒருத்தி நம்பர்லயே போட்டா என்ன?"

இதுதான் ஆரம்பம். பில் போடும்போது கேஷ் கவுண்டரில் விற்றவர் நம்பரைக் கேட்பார்கள். அடுத்த மாதம் முதல் மூன்று பேரும் ஒரே நம்பரைச் சொன்னோம். ஒரு மாதம் என் நம்பர், அடுத்த மாதம் அக்கா நம்பர், அதற்கடுத்து செம்பூர் நம்பர். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பிஷி போடுகிறவர்கள்தான்; மாதாமாதம் எல்லோரும் பணம் போட்டு, முறை வைத்து ஒருத்தி எடுப்பது. அதே பழக்கத்தில் நம்பருக்கும் முறை வைத்துக்கொண்டோம்.

பிரிப்பதில் மட்டும் தகராறு வந்தது. பிஷியில் எல்லோருக்கும் சமம்தானே என்றார் அக்கா. அதிகம் விற்கிறவள் நான். எனக்குக் கோபம் வராதா? விற்றதற்குத் தக்கபடி என்றேன் நான். "அப்படின்னா மறுபடியும் வாங்க வாங்கன்னு கத்தணும்" என்றாள் செம்பூர். அவள் சொன்னது நியாயம். யோசித்து யோசித்து கடைசியில் ஒரு வழி சொன்னேன். நூற்றுக்கு இரண்டில் ஒன்று, அவரவர் விற்றதற்கு அவரவருக்கு. அது முன்பே நமக்கு வந்துகொண்டிருந்ததுதான். சேர்த்துப் போட்டதால் கூட வருகிற இன்னொன்று மூன்று பேருக்கும் சமம். யார் எவ்வளவு விற்றது என்பதை அவரவர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது. நாலரை லட்சம் விற்றால் முன்பு மூன்று பேருக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு. இப்போது ஒன்பதாயிரம். எனக்கு இரண்டாயிரம் இருந்த இடத்தில் மூவாயிரத்து ஐந்நூறு, அக்காவுக்கு ஒன்றரை ஆயிரம் இருந்த இடத்தில் மூவாயிரம், செம்பூருக்கு ஆயிரம் இருந்த இடத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு. மூன்று பேரும் கால்குலேட்டரைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துச் சிரித்தோம். இந்தப் பங்கீடு என் மூளையில் உதித்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கணக்குப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். மூன்று பேருக்குக் கமிஷன் போட்ட இடத்தில் ஒருவருக்குப் போட்டால் போதும். அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? அண்ணாச்சி கவுண்டரின் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பார். மொத்தமோ மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? கத்தல் நின்றுவிட்டது. அடுக்குக்கு அடியில் இருந்த சேலை எல்லாம் மேலே வந்துவிட்டது. அக்காவுக்குப் பிராமண வீட்டு மாமிகளைச் சமாளிக்கத் தெரியும், செம்பூருக்கு இந்திக்காரர்களையும் மராத்திக்காரர்களையும் சிரிக்க வைக்கத் தெரியும், எனக்குக் கல்யாணக் கூட்டத்தை உட்கார வைக்கத் தெரியும். யாருக்கு யார் சரியோ அவரிடம் அனுப்பிவிடுவோம். நாலரை லட்சம் விற்ற கவுண்டர் ஆறு லட்சம் விற்க ஆரம்பித்தது.

தீபாவளி மாதம் அக்காவின் முறை. அண்ணாச்சி அந்த மாதம் மாட்டுங்காவில் அதிகம் இல்லை. செம்பூரில் புதுக் கடை பிடித்து, தச்சர்களோடு அங்கேயே கிடந்தார். நாங்கள் மூன்று பேரும் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் விற்றோம். நான் மட்டும் ஏழு லட்சத்துக்கு விற்றேன். என் வாழ்க்கையில் அதுவரை அப்படி விற்றதில்லை. சியோனில் இருந்து வந்த ஒரே குடும்பத்துக்கு ஒரே மூச்சில் பதினோரு சேலை. கூட வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களும் நான்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கா நாலரை லட்சம், செம்பூர் மூன்றரை லட்சம். மொத்தம் பதினைந்து லட்சம். எல்லாம் அக்கா நம்பரில்.

தீபாவளி முடிந்து கடை திறந்த அன்று காலை, சாமி படத்துக்குச் சூடம் காட்டி முடித்ததும் அண்ணாச்சி எல்லோரையும் நிற்கச் சொன்னார். கையில் லட்டு டப்பா, கக்கத்தில் கம்ப்யூட்டர் பேப்பர்.

"செம்பூர் கடைக்கு ஒரு இன்சார்ஜ் வேணும். வெளியில இருந்து எடுக்க மாட்டேன். தீபாவளி மாசம் பட்டுல யாரு அதிகம் வித்தாளோ, அவதான் இன்சார்ஜ். சம்பளம் தனி. அதுபோக, கடையோட மொத்த வியாபாரத்துல அரை பர்சென்ட்."

அந்த நிமிடத்தில் கடையில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். ரெடிமேட் பக்கத்துப் பையன்கள், டெய்லர், வாட்ச்மேன் எல்லோரும். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். செம்பூர் கடை மாதம் நாற்பது லட்சம் விற்கும் என்று பேச்சு. அரை சதவீதம் என்றால் இருபதாயிரம். இன்சார்ஜுக்கு நாற்காலியும் உண்டு.

அண்ணாச்சி பேப்பரைப் பார்த்து அக்காவின் பேரைப் படித்தார்.

"பதினஞ்சு லட்சம்! இவ ஒருத்தி வித்தது. மத்த ரெண்டு பேருக்கும் நேரே பாருங்க, சைபர். மாசம் பூரா ஒரு ஜாக்கெட் பிட்டுகூட விக்காம என்னத்துக்கு நின்னிய?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாய்க்காரி என்று பேர் எடுத்தவள், வாய் திறக்க முடியாமல் நின்றேன். உண்மையைச் சொன்னால் மூன்று பேர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் என் நாற்காலி போகும். அக்காவுக்கும் பணம் வேண்டியிருந்தது. மகளை நர்சிங்குக்குச் சேர்த்திருந்தார், மாதாமாதம் திண்டாட்டம். அரை சதவீதம் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும். அவர் சும்மா தலையை ஆட்டிவிட்டு லட்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன். அது அக்காவுக்கும் தெரியும்.

அக்கா லட்டை வாங்கவில்லை.

"அண்ணாச்சி, இது என் வியாபாரம் இல்ல" என்றார். "பாதிக்குக் கிட்ட லேபர் கேம்ப் வித்தது. நாங்க மூணு பேரும் ஒரே நம்பர்லதான் போடுதோம். இன்சார்ஜ் வேலை அவளுக்குத்தான் சேரணும்."

அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. மற்றவர்களைப் போகச் சொன்னார். எங்கள் மூன்று பேரையும் தன் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்.

"எத்தன மாசமா நடக்கு இது?"

சொன்னோம்.

"ஒரு பர்சென்ட் கொடுக்க வேண்டிய எடத்துல ரெண்டு பர்சென்ட் வாங்கியிருக்கிய. என் கடையில நின்னு என்னையே ஏமாத்தியிருக்கிய. கூட வாங்குனத சம்பளத்துல புடிச்சுக்கிட்டு மூணு பேரையும் அனுப்புதேன் பாரு."

ஏமாற்றினோம் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு வாய் வந்தது. "அண்ணாச்சி, திட்டறதுன்னா திட்டுங்க. கணக்குப் பாத்துட்டுத் திட்டுங்க" என்றேன். பக்கத்தில் கிடந்த ஒரு சேலைப் பெட்டியின் அட்டை மூடியை எடுத்து, விலை எழுதுகிற மார்க்கரால் எழுத ஆரம்பித்தேன்.

"தீபாவளி மாசம் நான் ஏழு லட்சம், அக்கா நாலரை, இவ மூணரை. பதினஞ்சு லட்சத்துக்கு ரெண்டு பர்சென்ட், முப்பதாயிரம். அவங்கவங்க பங்கு ஒரு பர்சென்ட். எனக்கு ஏழாயிரம், அக்காவுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, இவளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. பொதுப் பங்கு பதினஞ்சாயிரம், ஆளுக்கு ஐயாயிரம். அப்ப எனக்குப் பன்னெண்டாயிரம், அக்காவுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, இவளுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு."

"அதத்தானே சொல்லுதேன். சேத்துப் போடலன்னா எவ்வளவு வந்திருக்கும்? அத எழுது" என்றார்.

எழுதினேன். ஏழு லட்சம் தனியாக என் நம்பரில் இருந்தால் மூன்று லட்சத்தைத் தாண்டியாயிற்று. நூற்றுக்கு இரண்டு, பதினான்காயிரம். அக்காவுக்கு ஒன்பதாயிரம். செம்பூருக்கு ஏழாயிரம். கூட்டினேன். முப்பதாயிரம்.

மார்க்கர் என் கையில் அப்படியே நின்றது. அதுவரை இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. தீபாவளி மாதத்தில் மூன்று பேருமே தனித்தனியாக மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டோம். சேர்த்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. பழக்க தோஷத்தில் காலையில் வந்து அக்கா நம்பரைச் சொன்னோம், மாலை வரை சொன்னோம், மாதம் முழுக்கச் சொன்னோம். கணக்குக்காரி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள், அந்த ஒரு மாதம் கணக்கே போடாமல் விற்றுத் தள்ளியிருக்கிறேன். அதனால் எனக்கு நஷ்டம் இரண்டாயிரம் ரூபாய், கூடவே ஒரு நாற்காலி. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்திலேயே அட்டையை அவர் முன்னால் தள்ளினேன். "பாருங்க அண்ணாச்சி. சேத்துப் போட்டாலும் முப்பதாயிரம், தனியா போட்டாலும் முப்பதாயிரம். உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. எனக்குத்தான் ரெண்டாயிரம் போச்சு. ஏமாத்துறவ தன் கைக்காசைப் போட்டா ஏமாத்துவா?"

அண்ணாச்சி தன் பெரிய கால்குலேட்டரை இழுத்து ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்தார். இரண்டு தடவை தட்டினார். பிறகு தலை நிமிர்ந்து, "அப்ப எதுக்குட்டி சேத்துப் போட்டிய?" என்றார். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செம்பூர் முந்திக்கொண்டாள். "ஆதத் ஹோ கயா, அண்ணாச்சி. பழகிப் போச்சு. இப்ப மூணு பேரும் ஒரே ஆளு மாதிரி ஆயிட்டோம்."

அவர் மறுபடியும் அட்டையைக் குனிந்து பார்த்தார். நான் விடவில்லை. நல்ல கஸ்டமர் சேலையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, விற்கிறவள் பேச்சை நிறுத்தக் கூடாது. அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதினேன். பட்டில் நூற்றுக்குப் பதினைந்து கூட லாபம் நிற்காது என்று பேரம் பேசுகிறவர்களிடம் அவர் அழுவதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! அந்தப் பதினைந்தையே வைத்துக்கொண்டேன். நாங்கள் சண்டை போட்ட காலத்தில் மாதம் நாலரை லட்சம் வியாபாரம். அதில் அவருக்கு அறுபத்தேழாயிரத்து ஐந்நூறு. எங்களுக்குக் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு. மிச்சம் அறுபத்து மூவாயிரம். ஒன்றாகப் போட்ட பிறகு ஆறு லட்சம். அதில் தொண்ணூறாயிரம். எங்களுக்குப் பன்னிரண்டாயிரம் போக மிச்சம் எழுபத்தெட்டாயிரம்.

"எங்களுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கூடக் கொடுத்தீங்க. உங்களுக்குப் பதினஞ்சாயிரம் கூட வந்துச்சு. இந்த மாதிரி இன்னும் ரெண்டு பேர் ஏமாத்துனா நீங்க தாதர்லயும் கடை போடலாம்."

செம்பூர் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "போய் கஸ்டமரப் பாருங்க" என்றார். அந்த அட்டையை மட்டும் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று எங்களுக்குத்தான் தெரியும். சம்பளத்தில் பிடிப்பாரா, அனுப்புவாரா, ஒன்றும் தெரியாது. பில் போடும்போது எந்த நம்பரைச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. அக்காவிடம், "யக்கா, பேசாம லட்ட வாங்கியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "வாங்கியிருப்பேன். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிட்டி திங்க?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ஆனால் அக்கா என்ற சொல்லை அதன் பிறகு நான் வேறு யாரிடமும் அவ்வளவு மனதோடு சொன்னதில்லை.

ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "செம்பூர் கடைய நீ பாத்துக்க. அரை பர்சென்ட் அதிகம்னு வீட்ல சொல்லுதாவ. கால் பர்சென்ட் வச்சுக்குவோம்" என்றார்.

எனக்கு உள்ளே குதிக்க வேண்டும்போல இருந்தது. முகத்தில் காட்டவில்லை. விரலை மட்டும் அவர் தலைக்கு மேலே நீட்டினேன். "அண்ணாச்சி, போர்டைப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரே விலை, பேரம் இல்லை. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அண்ணாச்சி அன்றுதான் அந்தப் போர்டை முதல்முறையாகப் படித்தார் என்று நினைக்கிறேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, அரை. வேற?"

"ரெண்டு கடையிலயும் பட்டு கவுண்டருக்கு ஒரே நம்பர். ஆளுக்கு ஒரு நம்பர் வேண்டாம். மொத்தத்துக்கும் ரெண்டு பர்சென்ட். அத எப்படிப் பிரிக்கணும்னு கவுண்டர் பொம்பளைங்களுக்குத் தெரியும். மாட்டுங்கா கவுண்டருக்கு அக்கா தலைமை. செம்பூரை நான் கூட்டிட்டுப் போறேன், அவளுக்கு வீட்டுப் பக்கம்."

"ரெண்டு பர்சென்ட்டா..." என்று கால்குலேட்டர் பக்கம் கை போனது. பிறகு டிராயரைத் திறந்து அந்த அட்டையைப் பார்த்தார். மூடினார். "போட்டுத் தொலை" என்றார்.

இப்போது செம்பூர் கடையில் எனக்கு நாற்காலி இருக்கிறது. கவுண்டர் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம். மாதக் கடைசியில் எல்லோரும் ஸ்டாக் ரூமில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பங்கு போடுவோம். ஒன்று அவரவருக்கு, ஒன்று எல்லோருக்கும். இதுவரை ஒரு தடவைகூட ஒருவருக்கொருவர் முகம் சுளித்ததில்லை. தன் மகள் படிப்பை முடித்துச் சியோன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அக்கா மாட்டுங்காவில் இருந்து எங்கள் கடைக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நான் இரண்டாக வாங்கித் தின்றேன்.

புதிதாக வந்திருக்கிற அக்கவுண்ட்ஸ் பையன் போன வாரம் தீபாவளி ஸ்டாக் எடுக்க, பழைய தீபாவளி வியாபாரத்தை எல்லாம் வரிசையாகப் பிரிண்ட் எடுத்தான். அந்த மாதத் தாளில் என் பேருக்கு நேரே சைபர். அவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "மேடம், இதுல ஏதோ தப்பு இருக்கு. இல்ல அந்த மாசம் நீங்க லீவா? வேணும்னா இந்த வரியை எடுத்துடட்டுமா?"

"லீவு இல்ல. தப்பும் இல்ல. நான் இதுவரைக்கும் பண்ணுனதுலயே நல்ல வியாபாரம் அந்த மாசம்தான்" என்றேன். "அந்த வரி அப்படியே இருக்கட்டும்."